தொண்டை கட்டினால் பாட்டை யார் எடுப்பது?

வெளிமாநிலத் தமிழ்ச் சபைகள் பலவற்றில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர்தான் இருப்பார். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டால் அன்றைய ஆராதனையே ஆட்டம் காணும். நாக்பூரில் எங்கள் சபையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலை என்னுடையது. தைராய்டு அறுவைக்குப் பின் என் குரல் வெறும் காற்றாகிவிட்டது. அடுத்த சில வாரங்கள் இரண்டு இந்திப் பாடல்களை வைத்துச் சமாளித்தார்கள். இப்படியே போனால் கீர்த்தனைகள் மறந்துபோகும் என்று எனக்குப் பயம் வந்தது. இன்றும் பாட்டை நடத்துகிறேன், பாடுவதில்லை. பஜனை நடத்தும் அன்பர்களுக்கும் இந்த முறை உதவும் என்பதால் எழுதுகிறேன்.

குரல்வளையில் இரண்டு நாண்கள் உள்ளன. மூச்சுக் காற்றில் அவை மோதி அதிர்வதே குரல். 440 அதிர்வுள்ள சுரத்தை ஒருவர் பாடினால் அவை விநாடிக்கு 440 முறை மோதுகின்றன. சளி பிடித்தால் நாண்கள் வீங்கும். கனத்த தந்தி தாழ்ந்து ஒலிப்பதுபோல் குரலும் தாழும், மேல் ஸ்தாயி எட்டாது. பேச்சைக் குறைத்துத் தண்ணீர் நிறையக் குடித்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். குசுகுசுவென்று பேசுவதைப் பலர் ஓய்வு என்று நினைக்கிறார்கள். அதுவும் நாண்களைச் சிரமப்படுத்தும். அடிக்கடி கனைப்பதும் அப்படித்தான். மூன்று வாரமாகியும் கரகரப்பு போகாவிட்டால், அதிலும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

என் கதை வேறு. நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டிச் செல்கிறது. எவ்வளவு கவனமாக அறுவை செய்தாலும் சிலருக்கு அது பழுதாவதுண்டு. இடப்பக்கத்து நரம்பு நெஞ்சுவரை இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொண்டைக்கு ஏறுகிறது. (ரயில்வேயில் இப்படிப் பாதை போட்டிருந்தால் எஸ்டிமேட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்!) எனக்கு அந்தப் பக்கத்து நாண் அசைவதில்லை. இடைவெளியில் காற்று ஒழுகுகிறது.

மைக்கை வாயருகே வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். தொண்டையில் பிறக்காத சுரத்தை மைக் எங்கிருந்து கொண்டுவரும்? ஆகவே முதல் வரியை ஆர்மோனியத்திடம் விட்டேன். அதை முழுவதும் வாசித்து முடித்ததும், சபையார் மூச்செடுக்கும் நேரத்தில் கையை உயர்த்துவேன். கை இறங்கும்போது பாட்டு தொடங்கும். கார்டு பச்சைக் கொடி காட்டுவதுபோல்தான். சமத்தில் தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுக்க வேண்டிய பல்லவிகளில்தான் தகராறு. அவற்றுக்கு ஓர் ஆவர்த்தம் முன்னதாகவே எல்லாருக்கும் தெரியும்படி தாளம் போட்டுக் காட்டுகிறேன்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோரின் கீர்த்தனைகளில் ஒவ்வொரு சரணத்துக்கும் பின் பல்லவி திரும்பி வருகிறது. தடுமாறியவர்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம். பல்லவியே இல்லாத, பழகாத ஞானப்பாட்டை அப்படிப்பட்ட நாளில் தொடாமலிருப்பது நல்லது.

சரணங்களை எடுக்க ஒரு குரல் வேண்டுமே! ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முன்வந்தாள். அவளுக்கு ஐந்தரைக் கட்டை சுகம். அதில் எடுத்தால் ஆண்கள் அநுபல்லவியிலேயே நின்றுவிடுவார்கள். மூன்று கட்டையில் வைத்தோம். அவளுக்குச் சற்றுத் தாழ்வுதான், ஆனாலும் சபை முழுவதும் பாடுகிறது. அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. வரிகளைத் தேவநாகரியில் எழுதிக்கொண்டு பாடுகிறாள். எங்கெங்கே ழகரம் என்பது அவள் எழுதியதில் தெரிவதில்லை. அந்த இடம் வரும்போது நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறேன். நாக்கை மடித்துச் சரியாகச் சொல்லிவிடுகிறாள்.