புயல் வருமுன் உரைப்போர்

1900ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தைச் சேர்ந்த கால்வெஸ்டன் என்னும் தீவு நகரைக் கடல் பொங்கி மூடியது. குறைந்தது 6,000 பேர் மாண்டனர். சில நாட்களுக்கு முன் கியூபாவைக் கடந்த அப்புயல் மேற்கு நோக்கிச் செல்லும் என்று அந்நாட்டு வானிலை அறிஞர்கள் கருதினர். அமெரிக்க அதிகாரிகளோ அது வடகிழக்கே திரும்பிவிடும் என நம்பினர். திசை பிழைத்தது, ஒரு நகரமே அழிந்தது.

அட்லாண்டிக் பெருங்கடலில் புயற்பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கும். கடல்நீர் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்று, மேற்காற்றின் குறுக்கீடும் குறைந்திருப்பின் புயல் வலுப்பெறும். சராசரியாக ஆண்டொன்றுக்குப் பெயரிடப்படும் புயல்கள் 14. ஆயின் 2020ஆம் ஆண்டில் 30 புயல்கள் எழுந்தன! பட்டியலிலிருந்த 21 பெயர்களும் தீர்ந்து, கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூட்ட நேர்ந்தது.

இத்தகைய காலங்களில் மயாமி நகர்ப் பகுதியிலுள்ள தேசிய ஹரிக்கேன் நிலையத்தாருக்கு உறக்கம் ஏது? செயற்கைக் கோள்கள் படம் அனுப்புகின்றன. விமானிகள் புயலின் கண்ணுக்குள்ளேயே புகுந்து கருவிகளை வீழ்த்தி, காற்றழுத்தத்தையும் வேகத்தையும் அளக்கின்றனர். கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகளைத் தரும்பொழுது, அவற்றைச் சீர்தூக்கி முடிவுரைப்பவர் மனிதரே. புயலின் பாதையைக் கணிப்பதைக் காட்டிலும் அதன் வலிமையைக் கணிப்பது அரிது. 2024 அக்டோபரில் மில்ட்டன் என்னும் புயல் ஏறத்தாழ ஒரு நாள் பொழுதுக்குள் உச்சமான ஐந்தாம் வகுப்பை எட்டிவிட்டது.

கணிப்பு சரியானால் மட்டும் போதுமா? அதே ஆண்டு செப்டம்பரில், ஹெலீன் புயல் முழுமையாக உருவாகும் முன்னரே முன்னறிவிப்புகள் தொடங்கின. மலைப்பகுதிகளில் பெருவெள்ளம் வரும் என்றும் எச்சரித்தனர். எனினும் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் பலர் கடற்கரையிலிருந்து பல நூறு மைல் தொலைவிலுள்ள வட கரோலினா மலைகளில் வாழ்ந்தோர். மலைமேல் இருப்பவரைப் புயல் என் செய்யும் என்று எண்ணுவது மனித இயல்பன்றோ?

செய்தித்தாள்களில் வெளியாகும் கூம்பு வடிவப் படத்தையும் பலர் தவறாகவே புரிந்துகொள்கின்றனர். புயலின் மையம் செல்லக்கூடிய பரப்பையே அது காட்டுகிறது. அம்மையமும் மூன்றில் இருமுறை அளவிலேயே அதனுள் அடங்கும். மழையும் வெள்ளமும் கூம்பின் கோட்டுக்குக் கட்டுப்படுவன அல்ல.

‘சைக்ளோன்’ என்னும் சொல்லை 1848இல் ஆக்கியளித்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். வங்கக் கடற்புயல்களுக்கும் நம் வானிலைத் துறையினர் இத்தகைய கூம்புப் படங்களை வெளியிடுகின்றனர். கடலோர ஊர்களில் பெற்றோரையும் உற்றாரையும் விட்டு வந்திருக்கும் அன்பர்கள் அடுத்த முறை அப்படத்தைக் காணும்பொழுது, நம் ஊர் கோட்டுக்கு வெளியே உள்ளது என்று அமைதி கொள்ளாது, மழை, வெள்ள எச்சரிக்கைகளையும் ஒருமுறை படித்துவிட்டு ஊருக்குத் தகவல் சொல்வார்களாக.