கருவிப் பெயரும் எழுத்தின் வரையறையும்

வலையமைப்புக் கருவிகளுக்குப் பெயரிடுதலும் அப்பெயர்களை நிரலிற் சரிபார்த்தலும் வெறுந் தொழில்நுட்பக் கருமங்களென்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஆயின், எது எழுத்து, எது எழுத்தன்று என்னும் வினா அவற்றினுட் பொதிந்துள்ளது. அதற்கான விடை குறிப்பிட்டதொரு வரலாற்றுச் சூழலில் உருவானதாகும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் தோன்றிய ஆர்ப்பாநெற் வலையமைப்பிற் கணினிப் பெயர்கள் ஒரே பட்டியலிற் பேணப்பட்டன. 1985இல் வெளியான ஆர்.எப்.சி. 952 என்னும் விதி ஆவணம் ஆங்கில எழுத்து, இலக்கம், இணைகோடு, கூறுகளைப் பிரிக்கும் புள்ளி என்பவற்றை மட்டுமே ஏற்றது. பெயர் ஆங்கில எழுத்திலேயே தொடங்க வேண்டும். 24 குறிகளுக்கு மேற்படலாகாது. 1989இல் ஆர்.எப்.சி. 1123 இலக்கத்தில் தொடங்கவும் இடமளித்தது. இன்று ஒவ்வொரு கூறும் 63 குறிகளுள் அடங்குதல் வேண்டும்; இணைகோடு முதலிலோ இறுதியிலோ வரலாகாது; அடிக்கோடும் இடைவெளியும் ஏற்கப்படா.

இவ்விதிகளைச் சதியெனக் கொள்ளுதல் தவறு. நிரலொன்று பெயரைக் கட்டளையோடு இணைத்து இயக்குமிடத்து, பெயரினுள் மறைந்துவரும் அரைப்புள்ளி புதியதொரு கட்டளைக்கு வழிதிறந்துவிடலாம். எனவே சரிபார்த்தல் இன்றியமையாதது. கட்டுப்பாடு வேண்டுமா என்பதன்று வினா. யாருடைய எழுத்து அதன் அளவுகோல் என்பதே வினா.

பிறமொழிப் பெயர்களை ஆங்கிலக் குறிகளாலான உருவுக்கு மாற்றும் நியமம் 2003இல் வெளியாயிற்று, 2010இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே '.இலங்கை' என்னும் உயர்நிலை ஆள்களப் பெயரும் இணையத்திற் சேர்க்கப்பட்டது. ஆயினும் நிரல்களின் இயல்பான நோக்கு முற்றாக மாறிவிடவில்லை. 'இலங்கை' என்னுஞ் சொல் எழுத்துக்களால் மட்டும் ஆனதா எனப் பைதன் மொழியின் உள்ளமை சோதனையைக் கேட்பின், 'அன்று' என்பதே விடை. ஙகரத்தின் மீதுள்ள புள்ளியும் ஐகாரக் குறியும் யூனிகோட்டில் எழுத்துக்களாகவன்றிச் சேர்குறிகளாக வகைப்படுத்தப்பட்டமையே காரணம். மெய்யையும் உயிர்மெய்யையும் எழுத்தெனவே கற்கும் நமக்கு இது வியப்பளிக்கும். இச்சோதனையை நம்பி எழுதப்பட்ட நிரல், நாட்டின் பெயரையே 'தவறான பெயர்' எனத் தள்ளிவிடும். வகைப்பாட்டின் குறை பயனரின் பிழையாகத் தோற்றங்கொள்ளும்.

சரியான முறை கடினமானதன்று. முதலிற் பெயரை 2010ஆம் ஆண்டு நியமத்தின்படி மாற்ற வேண்டும். அந்நியமம் சேர்குறிகளை ஏற்கின்றது. கூறின் முதலில் மட்டுமே அவற்றை விலக்குகின்றது. பின்னர், மாற்றிய உருவிலேயே 63 என்னும் எல்லையை அளக்க வேண்டும். தமிழெழுத்துக்களை எண்ணிப் பயனில்லை. பழைய விதியை மட்டும் அறிந்த கருவிக்கும் அவ்வுருவையே வழங்கலாம்.

கருவி நடுநிலையானது போலத் தோன்றினும், அதனை ஆக்கிய சமூகத்தின் எல்லைகளை அது சுமந்து வருகின்றது. அவ்வெல்லைகளை இனங்காண்பதோடு நில்லாது, நிரலின் வரிகளிலேயே அவற்றைத் திருத்துவதும் மொழிப்பணியின் பாற்பட்டதேயாம்.