பனிக்குக் கிளம்பும் பந்தல்காரர்கள்

சத்தம் போடாமல் என் பின்னாலேயே மாடிப்படி ஏறி வாங்க. செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள், மேலே கால் வைக்கவே இடம் இல்லை. கம்பம் பக்கத்துக் காமயகவுண்டன்பட்டியில், காந்திக்குக் கோயில் கட்டிய அதே ஊரில், பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கும் ஒரு விவசாயி வீட்டு மாடி இது. மற்ற நாட்களில் இங்கே பழப்பெட்டிகள்தான் அடுக்கிக் கிடக்கும். இன்றைக்கு அவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். அதன்மேல் உல்லன் குல்லாய்கள், புளி மூட்டை, வத்தல் டப்பா, ஒரு பழைய ராணுவ டிரங்குப் பெட்டி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட செல்போன் சார்ஜர்கள்.

இந்தத் தெருவிலிருந்து 23 பேர் பிப்ரவரியில் காஷ்மீர் போகிறார்கள். சும்மா பார்த்துவிட்டு வர இல்லை. குல்மார்க்கில் காலில் பலகை மாட்டிக்கொண்டு பனிச்சறுக்கு விடப்போகிறார்களாம்! நான் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் டூர் போவதைவிட, டூருக்குக் கிளம்பும் வீட்டைப் பார்ப்பதில் எனக்கு ருசி அதிகம். காபி வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் உட்காருங்க.

மணி ஏழு ஐம்பது. மாடியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்பு ரயில் டிக்கெட்டை 120 நாளுக்கு முன்பே எடுத்துவிடலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகிவிட்டது. இன்று எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது என்பதால் நாலு போன், நாலு பையன்கள். “எட்டு மணி வரைக்கும் எவனும் ரீல்ஸ் பாக்கக் கூடாது, நெட்டு இழுக்கும்!” என்று கீழேயிருந்து வீட்டம்மா உத்தரவு. எட்டு அடித்தது. “பேமென்ட் சுத்துது... சுத்துது... இன்னும் சுத்துது...” “சுருளி வேலப்பா!” என்று ஒரு பாட்டி கண்ணை மூடினார். மூன்று பையன்கள் ஒன்றாகக் கத்தினார்கள், “கன்பார்ம்!” நாலாவது பையனுக்குப் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டாம் முயற்சியில்தான் அவனுக்கு ரத்தம் திரும்பியது.

திருநெல்வேலியிலிருந்து மதுரை வழியாக கத்ரா வரை ஒரே ரயில், மூன்று ராத்திரி. கத்ராவில் இறங்கி, ஸ்ரீநகருக்கு வந்தே பாரத். 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய தடம் அது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தின்மேல் போகும். அந்தப் படத்தை எல்லோரும் கைமாற்றிப் பார்க்கும்போது, வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “தேனிக்கு 2022-ல அகல ரயில் வந்துச்சு. காஷ்மீருக்கு 2025-ல வந்துருச்சு. கம்பத்துக்கு எப்பப்பா?” மாடி குலுங்கச் சிரித்தது. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களின் பல வருஷக் கேள்வி அது.

அது சரி, பள்ளிக்கூடம் லீவு விடும் டிசம்பரை விட்டுவிட்டு ஏன் பிப்ரவரி? பழைய தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு கணக்கைக் காட்டினார்கள். பயணத் தேதி குறித்தது ஜோசியர் இல்லை, திராட்சைக் கொடி! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஒரே ஒரு சீசன் என்று கிடையாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு முறை. கொடியை வெட்டிவிடும் கவாத்து முடித்து நாலு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். வெட்டு நேரத்தில் எந்தச் சம்சாரியும் ஊரை விட்டு நகர மாட்டார். இவர்கள் எல்லோருடைய தோட்டக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பொங்கலைக் கழித்து, மிச்சம் விழுந்த பத்து நாளைப் பிடித்திருக்கிறார்கள்.

பனியும் ஒத்துவர வேண்டுமே. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை நாற்பது நாள் கடுங்குளிரை காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்பார்கள். குளிர் அப்போது உறுதி, பனிதான் உறுதி இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் வெறும் புல்லாகக் கிடந்தன. 2025-ல் பனி போதாமல் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். “அதனால பிப்ரவரி நடுவுல போனா ஓரளவு நம்பலாம்” என்றார் குழுத் தலைவர். பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் இரண்டு வீடுகள் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டன. அந்த அம்மாக்கள் இருவரும் இந்த மாடியில்தான் இருக்கிறார்கள். போகாதவர்கள் சொல்லும் யோசனைதான் அதிகம்!

கொஞ்சம் நகருங்க, மாஸ்டர் வருகிறார். நம் பக்கத்துக் குழுச் சுற்றுலாவில் டிரைவர் இல்லாமல்கூடப் போய்விடுவார்கள், சமையல் மாஸ்டர் இல்லாமல் போகமாட்டார்கள். காசி, பத்ரிநாத் என்று ஊர் ஊராக சாம்பார் வைத்துப் பழகிய கை. சாம்பார் பொடியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, “மல்லி தூக்கலா இருக்கு, மறுபடி அரைங்க” என்று தள்ளிவிட்டார். பொடி இடித்த மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

“மாஸ்டர், ரயில்லயே ஒரு சின்ன அடுப்பு வச்சா காபி...” என்று ஒருவர் இழுத்தார். மாஸ்டர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “2023 ஆகஸ்ட் 26, மதுரை ஸ்டேஷன். நின்னுக்கிட்டிருந்த டூரிஸ்ட் பெட்டிக்குள்ள சிலிண்டர் வச்சிருந்தாங்க. வடக்கேயிருந்து வந்த ஒன்பது பேரு போய்ச் சேந்தாங்க. தீப்பெட்டிகூட ஏறாது.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரயிலுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். அது தீர்ந்தபின் ரயிலில் கிடைப்பதைச் சாப்பிட வேண்டியது. சிலிண்டரும் அரிசியும் ஸ்ரீநகரில் போய்த்தான்.

இட்லி? மாஸ்டர் கையை விரித்தார். “அந்தக் குளிர்ல மாவு பொங்காது, நாமதான் பொங்கணும்.” அறையைச் சூடாக்க அங்கே ‘புகாரி’ என்று விறகு அடுப்பு வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் மாவுப் பாத்திரத்துக்கு ஒரு போர்வை போர்த்தி உட்காரவைத்துப் பார்க்கலாம் என்பது அவர் திட்டம். குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். “தண்ணி தளதளன்னு கொதிக்கும், அரிசி கண்ணே முழிக்காது. குக்கர்தான் குலதெய்வம்” என்று மூன்று பெரிய குக்கர்களைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த காட்சி மொட்டை மாடியில். உச்சி வெயில். அந்த டிரங்குப் பெட்டிக்காரரை ஊரே மிலிட்டரி மாமா என்கிறது. 1948-ல் ராணுவம் குல்மார்க்கில் ஒரு பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. இன்றைக்கு அது உயர்மலைப் போர்ப் பள்ளி. பணியில் இருந்தபோது மாமா அங்கே பயிற்சி எடுத்தவர். இப்போது பழப்பெட்டியிலிருந்து பிரித்த பலகைகளைக் கயிற்றால் காலில் கட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்த தார்ப்பாயில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். ஜாக்கெட் போட்டுப் பார்க்கணுமே என்று சிலர் முழுக் குளிர் உடுப்போடு ஏறிவிட்டார்கள். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்குக்கு வந்துகொண்டிருக்கிறது.

“பலகையோட மூக்கு ரெண்டும் முன்னால சேரணும். குதிகால் ரெண்டும் பின்னால விரியணும். முட்டிய மடக்கு. அதான் பிரேக்கு. வேற பிரேக்கு கிடையாது!” மாமாவின் குரல் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். ஒரு இளவட்டம் நெஞ்சை நிமிர்த்தி நின்று, முட்டியை மடக்க மறந்து, மல்லாந்தான். அடுத்து ஒரு மதினி, அறுபதைத் தொட்டவர். புடவைக்கு மேலே மகனுடைய டிராக் பேண்ட். சறுக்கினார், தடுமாறினார், பக்கவாட்டில் மெத்தென்று விழுந்து அப்படியே உட்கார்ந்துகொண்டார். மாமா கைதட்டினார்: “பாத்துக்கங்க, இதான் விழுற முறை! பின்பக்கமா விழுந்தா இடுப்பு போச்சு.” மதினி மூச்சு வாங்கிக்கொண்டே, “வரப்புல விழாத விழுக்காடா தம்பி?” என்றார்.

வகுப்பின் கடைசிப் பாடம் கோண்டோலா என்கிற ரோப்கார். குல்மார்க்கிலிருந்து கோங்தூரி வரை முதல் கட்டம். அங்கிருந்து அஃபர்வத் மலைக்கு இரண்டாம் கட்டம், கிட்டத்தட்ட 4,000 மீட்டர். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் முதல் கட்டத்தோடு இறங்கிவிட வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. கற்றுக்குட்டிகளுக்கு அடிவாரத்திலேயே சாய்வு குறைந்த பனித்திடல் உண்டு. பயிற்சியாளர், பலகை எல்லாம் வாடகைக்கு.

மாடிக்குள் திரும்பினால் செல்போன் கடைத் தம்பி வந்திருக்கிறான். வெளி மாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுதான் பேசும். 23 பேரில் 21 பேர் பிரீபெய்டு! “வீட்டுக்கு ஒண்ணு மாத்துனா போதும்” என்று ஒரு கட்சி. “அப்ப எம்புருசன் எங்க நிக்கிறாருன்னு எப்படித் தெரியும்?” என்று ஒரு கட்சி. இரண்டாம் கட்சி ஜெயித்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு புரட்சி வெடித்தது. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் இந்த வீட்டு மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். லேப்டாப்பைத் திறந்து, “காஷ்மீர் சரி சித்தப்பா, இதையும் கொஞ்சம் பாருங்க” என்றாள். ஸ்பெயின், கிரானடா. மத்தியதரைக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே சியரா நெவாடா மலை. 2,100 மீட்டரில் பிரதோயானோ என்கிற பனிச்சறுக்கு ஊர். காலையில் பனியில் சறுக்கிவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கி அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்க்கலாம். பக்கத்து மாலகா மலைச்சரிவுகளில் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்கிற திராட்சையை வெயிலில் காயவைத்து உலர்திராட்சை ஆக்குகிறார்கள்.

‘திராட்சை’ என்றதும் அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். நம்முடைய பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் தாய்–தகப்பன் வழியில் ஒன்று இந்த அலெக்சாண்ட்ரியா. “அப்ப அது நம்ம கொடிக்குப் பொறந்த வீடுல்ல?” என்றார் வெற்றிலைப் பெரியவர். ஐந்து நிமிடத்துக்கு ஸ்பெயின் கட்சிக்கு மெஜாரிட்டி!

பிறகு அவள் ஷெங்கன் விசாவுக்கான பட்டியலை வாசித்தாள். ஆளுக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பேங்க் ஸ்டேட்மென்ட். வருமான வரித் தாக்கல் சான்று. அங்கேதான் மாட்டிக்கொண்டது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, ஆகவே பாதிப் பேரிடம் தாக்கல் சான்றே கிடையாது. சிட்டா, அடங்கல், பட்டாவை ஆங்கிலத்தில் பெயர்த்து இணைக்கலாம் என்றாள். “கொடிக்குப் பொறந்த வீட்டுக்குப் போக அடங்கல் காட்டணுமா?” என்று பெரியவர் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். ஸ்பெயின் அடுத்த தடவைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. லேப்டாப்பை மூடும்போது அவள் முகத்தில் தோல்வி தெரியவில்லை. சித்தப்பா ரகசியமாக, “பாஸ்போர்ட்டுக்கு எங்கம்மா எழுதிப்போடணும்?” என்று கேட்டுவிட்டார்.

சிரிப்புக்கு நடுவே ஒரு கேள்வி எல்லோரையும் அமைதியாக்கியது. அப்பத்தா ஒருவர் கேட்டார்: “முந்தி சுட்டாங்களேப்பா, அந்த ஊருதானா?” 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதைத்தான் கேட்கிறார். யாரும் மழுப்பவில்லை. அதற்குப் பிறகு மூடிய சுற்றுலா இடங்களைப் படிப்படியாகத்தான் திறந்தார்கள், கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புவோம், நிலைமை சரியில்லை என்றால் டிக்கெட்டை ரத்து செய்வோம் என்றார் மிலிட்டரி மாமா. அப்பத்தா தலையாட்டினார்.

கடைசியாக ஊர்சுற்றும் பட்டியல். தால் ஏரி, படகு வீடு, ஷாலிமார், நிஷாத் தோட்டங்கள், சங்கராச்சாரியார் மலை. எல்லாரும் போடும் பட்டியல்தானே என்று நான் காபி டம்ளரைத் தேடினேன். அப்போதுதான் சித்தப்பா கடைசி வரியைக் காட்டினார். “ஆப்பிள் தோட்டத்தில் கவாத்து — அரை நாள்.” காஷ்மீரில் ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து செய்வது குளிர்காலத்தில். எந்தக் கண்ணில் வெட்டுகிறார்கள், எத்தனை கண் விடுகிறார்கள், கத்திரி எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். ஊரில் கவாத்தை முடித்துவிட்டு, அவ்வளவு தூரம் ரயிலேறி, அங்கேயும் கவாத்து! “லீவுன்னா இதாங்க லீவு” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நீங்களும் பனிக்குக் கிளம்புவதாக இருந்தால் இந்த மாடியிலிருந்து நான் பொறுக்கிவந்ததைச் சொல்லிவிடுகிறேன். பூட்ஸும் தடித்த கோட்டும் விலைக்கு வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் முன்னால் தங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். பனி கனமாக இருந்தால் அங்கிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில்தான் மேலே போகமுடியும். கோண்டோலா டிக்கெட்டை ஊரிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். சிம்மை மாற்றுங்கள். சிலிண்டரை வீட்டிலேயே விடுங்கள். முக்கியமாக, மாஸ்டரைக் கேட்காமல் தேதி வைக்காதீர்கள்.