சுதந்திரர் கலையும் கைத்தொழிலும்: ஒரு கல்லூரித் தேர்வை முன்வைத்து

அக்கா மகள் ப்ளஸ் டூ முடிக்கப்போகிறாள். கணக்கில் கெட்டி. கவிதையும் எழுதுகிறாள், அதுவும் நன்றாகவே. ‘மாமா, இன்ஜினியரிங்கும் வேணும், இலக்கியமும் வேணும். ரெண்டையும் சேத்துச் சொல்லித்தர்ற காலேஜ் அமெரிக்காவுல இருக்காமே, நீங்கதான் பாத்துச் சொல்லணும்’ என்றாள். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. தேடிப் படித்த பிறகு, இது நம் எல்லோருக்குமான கேள்வி என்று பட்டது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்பதில் இருப்பது தாராளம் அல்ல. லத்தீனில் ‘லிபர்’ என்றால் அடிமையல்லாதவன். இலக்கணம், தர்க்கம், அணி ஆகிய மூன்றும், எண், வடிவக் கணிதம், இசை, வானியல் ஆகிய நான்கும் சேர்ந்த ஏழும் சுதந்திரனுக்குரிய கலைகள் எனப்பட்டன. நெசவு, வேளாண்மை, ஆயுதம் செய்தல் போன்றவற்றைப் 12ஆம் நூற்றாண்டில் செயின்ட் விக்டர் மடத்து ஹியூ இன்னொரு ஏழாக வரிசைப்படுத்தி ‘இயந்திரக் கலைகள்’ என்றார். அவற்றையும் அறிவாகக் கணக்கில் கொண்டது அவர் செய்த நல்ல காரியம். ஆனால் தலைக்கும் கைக்கும் நடுவே போட்ட கோடு அழியவில்லை. அந்தக் கோட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரில் அதற்குச் சாதி என்று பெயர்.

அமெரிக்காவில் இந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்த முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. யூனியன் கல்லூரி 1845இலேயே கலைப் படிப்போடு பொறியியலைச் சேர்த்தது. 1862இன் மோரில் சட்டம், உழைக்கும் வர்க்கத்தாருக்குத் தொழிற்கல்வியோடு கலைக்கல்வியும் வேண்டும் என்றது. அதற்காக ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினர் கணக்கிலும் 30,000 ஏக்கர் நிலம் மாநிலங்களுக்குத் தரப்பட்டது. நிலம் யாருடையது? பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது. ஒருவரின் விடுதலைக் கல்விக்கு இன்னொருவரின் மண் முதலீடானது என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றை வாசிக்க வேண்டும்.

இன்று அங்கே இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, சொந்தமாகப் பொறியியல் துறை வைத்திருக்கும் சிறிய கல்லூரிகள். ஸ்வார்த்மோர், லஃபயெட், யூனியன், ஹார்வி மட், ஸ்மித் ஆகியவை இப்படிப்பட்டவை. 1955இல் தோன்றிய ஹார்வி மட்டிலும், ஸ்வார்த்மோரிலும் சிவில், மெக்கானிக்கல் என்று பட்டம் பிரிவதில்லை. ஒரே பொதுப் பொறியியல் பட்டம்தான். ஸ்மித் பெண்கள் கல்லூரி. அங்கே 1999இல் பொறியியல் தொடங்கி 2004இல் முதல் அணி பட்டம் பெற்றது.

இரண்டு, ‘மூன்று - இரண்டு’ ஏற்பாடு. மூன்று வருடம் கலைக் கல்லூரியில், அடுத்த இரண்டு வருடம் கொலம்பியா போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியில். முடிவில் இரண்டு பட்டங்கள். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் பழகின நண்பர்களை விட்டுப் போக வேண்டும். ஐந்தாம் வருடச் செலவு தனி. முதல் கல்லூரி தந்த பண உதவி இரண்டாம் இடத்துக்குக் கூடவே வரும் என்று நம்பிவிட முடியாது.

மூன்று, தொழில்நுட்பக் கழகத்துக்குள்ளேயே கலைப்பாடத்தைக் கட்டாயமாக்குவது. எம்.ஐ.டி.யில் எந்தத் துறை மாணவரானாலும் மானுடவியல், கலை, சமூகவியல் புலங்களில் எட்டுப் பாடங்கள் முடிக்காமல் பட்டம் வாங்க முடியாது.

எதைத் தேர்வது? இங்கே என் சொந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 2022இல் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்கள் சேர்ந்தன. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மணிக்கணக்குக் கூலிக்கு அவற்றை நடத்துகிறேன். ‘ரொம்ப ஆழமா போகாதீங்க சார், பிள்ளைங்க கொஞ்சம் ரிலாக்ஸா இருக்கட்டும். லேப் ரெக்கார்டு எழுதணும்னா விட்டுருங்க’ என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஒருநாள் ஏரிப் பாசனம், குமிழித்தூம்பு பற்றிப் பாடம். சோழர் காலத்துத் தொழில்நுட்பம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ‘சரி, தண்ணிக்குள்ள இறங்கி அதைத் திறந்தது யாரு?’ என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், ‘எங்க தாத்தா மடை திறக்கறவர் சார்’ என்றான். நீர்ப்பாய்ச்சிகள் பல ஊர்களில் தலித்துகள். தண்ணீரைப் பங்கிட்டவர்களுக்குப் பெரும்பாலும் நிலம் இருந்ததில்லை. அன்றைக்கு எவனும் லேப் ரெக்கார்டு எழுதவில்லை.

தூம்பின் வடிவமைப்பு பொறியியல். அதில் இறங்கியது யார் என்பது சமூகவியல். இரண்டும் ஒரே வகுப்பில், ஒரே மூச்சில் கேட்கப்படுகிறதா என்பதுதான் அளவுகோல். மற்றது எல்லாம் ஒட்டுப்போட்ட சட்டை.

இந்த அளவுகோலைக் கேள்விகளாக மாற்றி அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். கலைப்பாடம் நடத்துபவர்கள் நிரந்தர ஆசிரியர்களா, என்னைப் போன்ற கூலிகளா? சோதனைக்கூட நேரமும் இலக்கிய வகுப்பும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும்? பொறியியல் மாணவி இலக்கியத்தில் முதல்நிலைப் பாடத்தோடு நிற்கிறாளா, உயர்நிலைப் பாடம் வரை போக முடிகிறதா? ‘மூன்று - இரண்டு’ என்றால், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் இரண்டாம் கட்டத்துக்குப் போனார்கள்? பட்டத்துக்கு ‘ஏபெட்’ என்கிற பொறியியல் அங்கீகாரம் உண்டா? ஒரே கல்லூரி அங்கீகாரம் உள்ள பட்டம் ஒன்றும் இல்லாத பட்டம் ஒன்றும் தருவதுண்டு.

கடைசிக் கேள்வி பணம். இந்தக் கல்லூரிகளின் அறிவிக்கப்பட்ட செலவு, தங்குமிடமும் சேர்த்து, ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். நம் கணக்கில் 60 லட்சத்துக்கும் மேல். எம்.ஐ.டி. பிறநாட்டு மாணவர் பண உதவி கேட்பதை அனுமதிக்குத் தடையாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆக, சுதந்திரனுக்குரிய கலை இன்றும் காசுள்ள சுதந்திரனுக்கே எளிதில் கிடைக்கிறது.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: ‘அப்ளிகேஷன் போடு தாயி. முழு உதவி வந்தாப் போ. கடன் வாங்கி, வீட்டை வச்சுப் போகாத. இங்கேயே சேந்தா, கவிதை எழுதறத விடாத. நோட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளை இங்க இருக்கிற காலேஜ்லயும் கேளு.’

கேட்பாள். அப்படி நூறு பேர் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் பொறியியல் கல்லூரிகளை வெறும் வேலைத் தொழிற்சாலை என்று கைகழுவிவிட்டால், அந்தக் கடைசி பெஞ்சுப் பையனிடம் அவன் தாத்தாவைப் பற்றி யார் கேட்பது?