கண்ணி வைத்துப் புழு பிடிக்கும் பூஞ்சைகள்!

பூஞ்சை என்றாலே நம் போன்ற இல்லத்தரசிகளுக்கு அலர்ஜிதான். ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் போதும், "அடடா, போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பூஞ்சை இனத்திலேயே நம் செடிகளையும் ஆடுகளையும் காப்பாற்றுகிற புண்ணியவான்களும் உண்டு என்றால் நம்புவீர்களா?

கொல்லையில் ஆசையாகத் தக்காளியும் கத்தரியும் போட்டிருந்தேன். பூக்கிற சமயத்தில் செடிகள் மஞ்சளடித்து நின்றுவிட்டன. காலையில் தண்ணீர் ஊற்றினாலும் உச்சி வெயிலில் தலை தொங்கிவிடும். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூச்சி எதுவும் இல்லை. கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கினால், வேரெல்லாம் ஜவ்வரிசியைக் கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருக்கிறது! இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேருக்குள் குடியேறி, செடியின் சத்தை உறிஞ்சுகிறது. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

(அவரை, நிலக்கடலை வேரில் உள்ள முடிச்சுகளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அவை செடிக்குத் தழைச்சத்து கொடுப்பவை. நிமிண்டினால் தனியே உதிர்ந்துவிடும். நோய் முடிச்சு அப்படி வராது, வேரே வீங்கியிருக்கும்.)

அதே சமயம் அடுத்த தெருவில் ஆடு வளர்க்கும் பெண்மணி ஒருத்தி கண் கலங்கி வந்து நின்றாள். "மருந்து ஊத்திக்கிட்டேதான் இருக்கேன்க்கா, ஆடு தேற மாட்டேங்குது. மக ஸ்கூல் ஃபீஸுக்கு இந்த ரெண்டைத்தான் நம்பியிருந்தேன்" என்றாள். ஆடுகளுக்குத் தாடையின் கீழ் வீக்கம். கால்நடை மருத்துவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல் வெளுத்திருந்தது. வயிற்றில் இருந்துகொண்டு ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற புழு. அதுவும் நூற்புழு இனம்தான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததால், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்களே மிஞ்சிப் பெருகிவிட்டன என்றார் அவர். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நம் நாடு என்று எங்கும் இதே தொல்லைதான்.

பூஞ்சையின் தந்திரம்

இந்த நூற்புழுக்களுக்கு எமனாக மண்ணிலேயே சில பூஞ்சைகள் இருக்கின்றன. ஆர்த்ரோபாட்ரிஸ் என்ற பூஞ்சை, பக்கத்தில் புழு நடமாட்டம் இருப்பதை மோப்பம் பிடித்து, பசை தடவிய வலையைப் பின்னுகிறது. ஒட்டிக்கொண்ட புழுவின் உடலைத் துளைத்து உள்ளே வளர்ந்து தின்றுவிடுகிறது. வில்ஹெல்ம் சோப்ஃப் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1888-லேயே இப்படிப் புழு சிக்குவதைக் கண்டு எழுதியிருக்கிறார். வேறு சில பூஞ்சைகள் சுருக்குக் கண்ணியே வைக்கின்றன. புழு வளையத்துக்குள் நுழைந்ததும், கண் இமைக்கும் நேரத்தில் வளையம் உப்பி இறுக்கிவிடும்!

நாம் குழம்பு வைக்கிற சிப்பிக் காளானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்றால் பாருங்களேன். அதன் நூலிழைகளைத் தொட்ட நூற்புழு சற்று நேரத்தில் செயலிழந்து போகிறது.

ஆட்டுக்கு எப்படி உதவும்?

டடிங்டோனியா என்ற பூஞ்சையின் வித்துகளைத் தீவனத்தில் கலந்து தினமும் கொடுக்கிறார்கள். தடித்த தோல் உள்ள வித்து, வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு வெளியே வருகிறது. அங்கே முளைத்து வலை பின்னி, முட்டையிலிருந்து வரும் புழுக்குஞ்சுகளைப் புல்லுக்கு ஏறும் முன்பே பிடித்துவிடுகிறது. 1990-களில் டென்மார்க்கில் இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்தது. ஆஸ்திரேலியாவில் 'பயோவோர்மா' என்ற பெயரில் விற்பனைக்கும் வந்துவிட்டது.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆட்டின் வயிற்றுக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை இது கொல்லாது. அதற்கு மருந்துதான் வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைச் சாணத்தைப் பரிசோதித்து மருத்துவர் சொல்லட்டும். அத்துடன், பனி ஈரம் காய்ந்த பிறகே ஆட்டை மேய விடுங்கள். ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சுகள் ஏறி உட்கார்ந்திருக்கும்.

நம் தோட்டத்துக்கு

நூற்புழுவின் முட்டையையே துளைத்து அழிக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. பர்ப்பியூரியோசிலியம் என்று பெயர். பெசிலோமைசிஸ் என்ற பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் உரக் கடைக்காரருக்குப் புரியும். மக்கிய தொழு உரத்தில் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு கலந்து, நடுவதற்கு முன் மண்ணில் இட வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கட்டும். பூஞ்சைக்கொல்லி மருந்தை இதோடு சேர்த்துவிட்டால் பட்ட பாடு வீண்! வேப்பம் பிண்ணாக்கும், பாத்தி ஓரம் துலுக்கச் சாமந்தியும் நல்ல துணை. முடிச்சு விழுந்த செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

தூளைக் கையாளும்போது மூக்கு, வாயைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்; கண்ணில் படக்கூடாது. அபூர்வமாக இது கண்ணில் தொற்று உண்டாக்கியிருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தையின் வயிற்றுப் பூச்சிக்கு இந்தப் பூஞ்சை மருந்தல்ல. அதற்கு மருத்துவர் தரும் மாத்திரையும், செருப்புப் போட்டு நடப்பதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும்தான் வழி.

அந்தப் பெண்மணியின் ஆடுகளில் ஒன்று பிழைக்கவில்லை. மருத்துவர் மாற்றிக் கொடுத்த மருந்தில் மற்றது தேறிவிட்டது. இப்போதெல்லாம் அவள் வாரம் தவறாமல் இமையை இழுத்துப் பார்க்கிறாள். "செவப்பாத்தான் இருக்குக்கா!" என்று அவள் சொல்லும்போது எனக்கே வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது.