அவை அச்சமும் மூச்சில் நிற்கும் மனமும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவிலோ ஆண்டு விழாவிலோ நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. நன்றியுரை கூற ஒப்புக்கொண்ட இளைஞர், விழாவன்று காலையில் தலைவலி என்று சொல்லியனுப்பிவிடுவார். வீட்டில் கலகலப்பாகப் பேசும் பெண், விருந்தினர் நால்வர் வந்துவிட்டால் அடுக்களையை விட்டு வெளிவர மாட்டாள். பிறமொழி பேசுவோர் நடுவில் வாழும் நாம், இதற்கு உடனே ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறோம். "பையனுக்கு இந்தி சரளமாக வராது" என்கிறோம். "அடக்கமான பெண்" என்று பாராட்டுகிறோம். சிலவேளை "தலைக்கனம்" என்று குறையும் கூறுகிறோம். மூன்றும் தவறாயிருக்கக்கூடும்.

அவைக்கு அஞ்சுதல் இக்காலத்துப் புதுமையன்று. திருவள்ளுவர் 'அவையஞ்சாமை' என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். மேடை ஏறுமுன் நெஞ்சு படபடத்தல் எவர்க்கும் இயல்பே. ஆனால், பிறர் தம்மை எடைபோட்டு இகழ்ந்துவிடுவர் என்னும் அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவையும் முடக்குமாயின், அது வெறுங்கூச்சமன்று. மருத்துவர் கவனிக்க வேண்டிய கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்த் தொகுப்பில் இதற்குத் தனியிடம் அளித்தது. இன்று இதனைச் சமூகப் பதற்றக் கோளாறு என அழைக்கின்றனர்.

இவ்வச்சத்தின்போது மூளையில் நிகழ்வது யாது? இரு பக்கப் பொட்டுகளுக்கும் உள்ளே, ஆழத்தில், வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டு எச்சரிக்கும் காவலாளி அது என்னலாம். பாம்பைக் கண்டு நாம் துள்ளி விலகுவதில் அதற்குப் பங்குண்டு. சமூகப் பதற்றம் உடையவரிடத்தில், எதிரில் இருப்பவரின் முகச்சுளிப்பும் இக்காவலாளியை மிகுதியாகக் கிளப்பிவிடுகிறது. உடனே நெஞ்சு படபடக்கும், முகம் சிவக்கும், நா வறளும். அவர் கவனமோ கேட்போரை விட்டுத் தம்மீதே திரும்பிவிடும். "என் குரல் நடுங்குகிறது, எல்லோரும் அதைக் கவனிக்கிறார்கள்" என்று எண்ண எண்ண அச்சம் மேலும் பெருகும்.

தியானம் பயன்படுவது இவ்விடத்தில்தான். 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் என்பார், பௌத்த தியான மரபினின்றும் யோகத்தினின்றும் எடுத்த பயிற்சிகளை நோயாளிகளுக்கு ஏற்ற பாடமாக அமைத்தார். மூச்சையும் உடலையும் எழும் எண்ணங்களையும் உள்ளபடியே கவனிப்பதே அதன் சாரம்.

இப்பயிற்சியின் விளைவை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் கோல்டின், ஜேம்ஸ் கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். சமூகப் பதற்றம் உடைய 16 பேரை எம்.ஆர்.ஐ. கருவியில் கிடத்தி, அவர்கள் தம்மைப் பற்றியே கொண்டிருக்கும் இழிவான எண்ணங்களை நினைவூட்டினர். பிறகு கவனத்தை மூச்சின் மேல் திருப்பச் சொல்லி மூளையை நோக்கினர். எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் 14 பேர் மீண்டும் வந்தனர். மூச்சைக் கவனித்தபோது அவர்தம் துயர உணர்ச்சி முன்னினும் குறைந்திருந்தது. அமிக்டலாவின் கிளர்ச்சி தணிந்திருந்தது. கவனத்தைச் செலுத்தும் பகுதிகள் முன்னினும் ஊக்கமாய் இயங்கின. மனத்தை வேறொன்றில் ஈடுபடுத்தி அச்சத்தை மறக்க முயன்றபோதோ இம்மாறுதல் காணப்படவில்லை.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அச்சத்தை மறப்பது வேறு. அச்சம் எழும்போதே மனத்தைத் தன் விருப்பப்படி ஓரிடத்தில் நிறுத்துவது வேறு. மூச்சு நம்மைப் பற்றி எத்தீர்ப்பும் கூறுவதில்லை. ஆகவே அதன் மேல் நிற்கும் மனம், தன்னைத்தானே எடைபோடும் வேலையிலிருந்து சற்றே விடுபடுகிறது என்று கொள்ளலாம்.

எனினும் மிகைபடக் கூறுதல் நன்றன்று. அவ்வாராய்ச்சி சிறியது, ஒப்புநோக்கப் பயிற்சி பெறாத குழுவும் அதில் இல்லை. 2016-இல் கோல்டின் குழுவினர் 108 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். தியானப் பயிற்சி பெற்றோரும், எண்ணங்களைச் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை பெற்றோரும், காத்திருந்தோரைக் காட்டிலும் நலம் அடைந்தனர். ஆயினும் இங்கிலாந்தின் 2013 மருத்துவ வழிகாட்டி, இக்கோளாற்றுக்குப் பேச்சுச் சிகிச்சையையே முதலில் பரிந்துரைக்கிறது. தியானத்தை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறும் என்னும் பேச்சும் ஐயத்துக்கு இடமானதே. 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 200-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது அத்தகைய மாறுதலைக் காணவில்லை. மாறுவது மூளை இயங்கும் பாங்கு, அதுவும் பயிற்சியால்.

பயிற்சி செய்ய விரும்புவோர் நாள்தோறும் பத்து நிமிடம் அமைதியாக அமரலாம். மூச்சை அடக்க வேண்டா. வந்து போவதைக் கவனித்தால் போதும். மனம் அலுவலகத்துக்கோ ஊர்க் கடிதத்துக்கோ ஓடிவிடும். ஓடியதை அறிந்து, கடிந்துகொள்ளாமல் திரும்ப அழைத்து வருவதே பயிற்சி. அமரும்போது கலக்கம் மிகுமாயின் நிறுத்திவிடுதல் நன்று. மேலும், அறைக்குள் தியானித்துவிட்டு மக்களைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால் அச்சம் அகலாது. சிறு கூட்டங்களில் சிறிது சிறிதாகப் பழகவும் வேண்டும். மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. யாரை அணுகுவதென்று அறியாதார், 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோர்க்கும் மூத்தோர்க்கும் ஒரு வார்த்தை. "போய்த் தியானம் செய், எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிடுதல் எளிது, "உனக்கு எது அச்சமாயிருக்கிறது?" என்று கேட்டு அமர்ந்திருத்தல் அரிது. அடுத்த விழாவில் தலைவலி என்று எவரேனும் சொல்லியனுப்பினால், அவரைக் கேலி செய்யாமல், மறுநாள் அவர் வீட்டுக்கு ஒருவராகச் சென்று பேசிவருவோம். அச்சமின்றி அவர் பேசத்தக்க முதல் அவை, நாம் ஒருவரே இருக்கும் அவையாக அமையட்டும்.