விளையாட்டு யாருடையது?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். "உடம்பு சரியில்லையா, தம்பி?" என்று விசாரித்தேன். "அதெல்லாம் இல்லை, சார். நான் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டை மூடிவிட்டார்கள்" என்றான். மூன்று வருஷ காலமாகத் தூத்துக்குடியிலும் கோலாலம்பூரிலும் உள்ள சிநேகிதர்களுடன் அவன் அதை இணையத்தில் ஆடி வந்தானாம். ஒரு நாள் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் விளையாட்டும் போயிற்று, சிநேகிதர்களும் போனார்கள். "நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் திரும்பக் கொண்டுவர முடியாதா, சார்?" என்று கேட்டான்.

விளையாட்டுப் பிள்ளையின் கேள்வி என்று தள்ளிவிடத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவன் அப்படித் தள்ளிவிட முடியுமா? நின்றுபோன விளையாட்டு ஒன்று மீண்டு வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அல்லவா நாம்!

வாடிவாசல் மூடிய காலம்

2014-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினால் ஜல்லிக்கட்டு நின்றது. 2015, 2016 ஆகிய இரண்டு பொங்கலும் வாடிவாசல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் மற்ற ஊர்களிலும் இளைஞர்கள் திரண்டார்கள். அந்த மாதமே மாநிலச் சட்டசபையில் திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டம் செல்லும் என்று 2023 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கூறிற்று. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு நம் கந்தர்வகோட்டைத் தாலுகா தச்சங்குறிச்சியில் நடப்பதே இன்றைய வழக்கம்.

கூட்டம் கூடியதை உலகம் அறியும். கூட்டம் கூடுவதற்கு முன்பு, ஆட்டமே இல்லாத நாட்களில், பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டுக் காளையைக் காத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? அத்தனை பேரும் காளையை விற்றுவிட்டிருந்தால், சட்டம் வந்து என்ன பயன்?

காளை யார் தொழுவத்தில்?

இணைய விளையாட்டுக்கும் ஒரு காளை உண்டு. அதற்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் காபிக் கிளப்பில் இட்டிலி கொண்டுவருபவரை நினைத்துக்கொள்ள வேண்டாம்! பல ஊர்களிலிருந்து ஆடுகிறவர்களை ஒரே களத்தில் சேர்த்துவைக்கும் யந்திரமும், அதில் ஓடும் நிரலுமே அது. அந்தக் காளை கம்பெனியின் தொழுவத்தில் நிற்கிறது. கம்பெனி தீனி போடுவதை நிறுத்தினால், ஆட்டக்காரன் கையிலுள்ள விளையாட்டு வெறும் கயிறுதான்.

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய 'சிட்டி ஆப் ஹீரோஸ்' என்ற விளையாட்டுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. தென்கொரியாவின் என்சிசாப்ட் கம்பெனி 2012 நவம்பர் 30-ந் தேதி அதை மூடிற்று. அபிமானிகள் மன்றாடினார்கள், பலிக்கவில்லை. ஆனால் சர்வர் நிரல் எப்படியோ சிலர் கைக்கு வந்து, ஒரு சிறு கூட்டம் பல வருஷம் ரகசியமாக ஆடிவந்தது. 2019-ல் குட்டு வெளிப்பட்டபோது, மற்ற அபிமானிகள் மகிழ்ந்ததை விடக் கோபித்துக்கொண்டதே அதிகம். பின்பு நிரல் வெளியே வந்தது. 'ஹோம்கமிங்' என்னும் குழுவினர் நன்கொடை வாங்கி விளையாட்டை நடத்தினார்கள். 2024 ஜனவரியில் கம்பெனியே அவர்களுக்கு உரிமம் அளித்தது.

நம் தேசத்தில் நடந்தது வேறு. 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் 118 செயலிகளைத் தடுத்தபோது பப்ஜியும் அகப்பட்டுக்கொண்டது. அடுத்த ஜூலையில் அது புதுப் பெயருடன் திரும்பி வந்தது, கொண்டுவந்தது கம்பெனியே. கோடிக்கணக்கானோர் ஆடிய விளையாட்டுத்தான். என்றாலும் காளை தங்களிடம் இல்லாததால், அவர்கள் செய்யக்கூடியது காத்திருப்பது ஒன்றே.

நியாயம் எது?

நிரல் கம்பெனியின் சொத்து. அனுமதியின்றி எடுத்து ஆளுவது தவறு என்பது வாஸ்தவமே. ஆனால் காசு கொடுத்து வாங்கியவனுக்கு ஒரு பாத்தியதையும் இல்லையா? 'தி க்ரூ' என்ற விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ந் தேதி நிறுத்தப்பட்டதும் ஐரோப்பாவில் இக்கேள்வி பலமாக எழுந்தது. விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி செய்துவிடக்கூடாது என்னும் விண்ணப்பத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். கடையை மூடுவது கம்பெனியின் உரிமை. மூடுமுன் சாவியை ஆடுகிறவர்களிடம் கொடுத்துப் போவதே தர்மம் என்பது என் அபிப்பிராயம்.

பையனுக்கு என்ன சொன்னேன்? "முடியும், தம்பி. காளை வேண்டும், தீனி வேண்டும், உரியவர் சம்மதமும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நிலைக்காது" என்றேன். "காளையே எங்களிடம் இல்லையே, சார்!" என்றான்.

"சிநேகிதர்களின் விலாசமாவது இருக்கிறதா?"

தூத்துக்குடிப் பையனுடைய டெலிபோன் நம்பர் மட்டும் இருந்தது. கோலாலம்பூர்ப் பையனின் உண்மைப் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அன்று மாலையே முதல்வனைக் கூப்பிடச் சொன்னேன்.

ஆடுபுலி ஆட்டத்தை எந்தக் கம்பெனியும் மூட முடியாது. அதன் கட்டம் திண்ணையிலும், விதி நம் பாட்டிமார் மனத்திலும் இருக்கின்றன. நிரல் எழுதக் கற்கும் நம் இளைஞர்கள் நாளைக்கு விளையாட்டுக்கள் செய்யும்போது, ஆடுகிறவர்கள் தொழுவத்திலும் காளை நிற்கும்படி செய்வார்களாக!